தலையணை முதலாளியின் கணக்கும் எனக்கு வந்த நெருடலும்: ‘இன்ஈக்வாலிட்டி ஃபார் ஆல்’ பார்த்த பிறகு

மாலைக்காட்சி:

2013ல் வந்த படத்தை இவ்வளவு தாமதமாகப் பார்த்துவிட்டு இழை தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வருமான ஏற்றத்தாழ்வு பற்றிய ஆவணப்படம் இது. இயக்கியவர் ஜேக்கப் கார்ன்புளூத். கிளிண்டன் ஆட்சியில் 1993 முதல் 1997 வரை தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த ராபர்ட் ரைஷ்தான் படம் முழுக்க வருகிறார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் எடுக்கும் வகுப்பு, நடுநடுவே சில குடும்பங்கள், ஒன்றிரண்டு முதலாளிகள், கொஞ்சம் வரைபடம். அவ்வளவுதான் படம். ஆனாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

வரைபடம் என்றாலே கொட்டாவி விடுகிற ஆள் நான். அந்த ஒரு கோடு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. வருமானத்தில் மேலே இருக்கும் 1 சதவீதத்தினர் நாட்டின் மொத்த வருமானத்தில் எவ்வளவு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வருடவாரியாக வரைந்தால், 1928ல் ஒரு உச்சி, 2007ல் ஒரு உச்சி. இரண்டிலும் 23 சதவீதத்துக்கு மேல். நடுவே 1970களில் 9 சதவீதத்தை ஒட்டித் தொய்ந்து கிடக்கிறது. பார்க்க அப்படியே தொங்குபாலம். இரண்டு கோபுரங்களுக்கும் அடுத்த வருடம் வந்தது பொருளாதாரச் சரிவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் நிக் ஹனாவர். அமேசான் தொடங்கிய காலத்திலேயே அதில் பணம் போட்டவர். குடும்பத் தொழில் தலையணை செய்வது. அவர் வாதம் சின்னது. சாதாரண ஆளைவிட ஆயிரம் மடங்கு சம்பாதிக்கிறேன், அதற்காக ஆயிரம் தலையணையா வாங்கப் போகிறேன்? எவ்வளவு பெரிய பணக்காரனுக்கும் படுக்க ஒன்றோ இரண்டோ போதும். மற்றவர்கள் கையில் பணம் இருந்தால்தான் தொழில் ஓடும்.

கைதட்டத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நெருடியது. படத்தில் வரும் ஒரு குடும்பம் கணவரின் வேலையும் போய், வீட்டையும் இழந்து நிற்கிறது. மனைவியான அந்தப் பெண் வேலைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறார். வங்கிக் கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று அவர் சொல்லும்போது நான் திரையிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டேன். இவருக்கு நடந்தது அநியாயம் என்று சொல்ல, இவர் தலையணை வாங்காததால் முதலாளிக்கு நஷ்டம் என்ற வழியாகச் சுற்றித்தான் வர வேண்டுமா? நாளைக்கே ஒரு பொருளியலாளர் வந்து, ஏற்றத்தாழ்வு கூடினால் வளர்ச்சியும் கூடும் என்று நிரூபித்துவிட்டால் என்ன செய்வோம்? அந்தப் பெண்ணிடம் போய், மன்னிக்கவும் அம்மா, உங்கள் கஷ்டம் நாட்டுக்கு நல்லதாம் என்று சொல்வோமா?

பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


குறுக்குக்கேள்வி:

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் போகும் முன்னால் படத்தின் எண்களைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். நான் படம் பேசும் பக்கத்து ஆள் இல்லை என்பது இங்கே பலருக்குத் தெரியும், அதனால் திட்டுவதற்கு முன் முழுக்கப் படித்துவிடுங்கள்.

படத்தின் பெரிய ஒப்பீடு இது. 1978ல் ஒரு சாதாரண ஆண் தொழிலாளியின் வருமானம் 48,302 டாலர். 2010ல் 33,751 டாலர். அதே காலத்தில் மேல் 1 சதவீதத்தினரின் சராசரி 3,93,682 டாலரிலிருந்து 11,01,089 டாலராக ஏறிவிட்டது. பணவீக்கத்தைக் கழித்த கணக்கு. கேட்டதும் நெஞ்சு அடைக்கும்.

ஆனால் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் புள்ளிவிவரத்தில், 2010ல் வருடம் முழுக்க முழுநேரம் வேலை பார்த்த ஆண்களின் இடைநிலைச் சம்பளம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம், 47,700 டாலரை ஒட்டி வருகிறது. இரண்டுக்கும் இடையில் 14,000 டாலர் வித்தியாசம். எப்படி? ‘சாதாரணத் தொழிலாளி’ என்று யாரை எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பகுதிநேரக்காரர், பாதி வருடம் வேலையில்லாமல் இருந்தவர் எல்லோரையும் சேர்த்தால் எண் சரசரவென்று இறங்கும். 2010ல் வேலையின்மை விகிதம் 9.6 சதவீதம், மோசமான வருடத்தைக் கடைசிப் புள்ளியாக வைத்தால் கோடு கீழேதான் போகும்.

இன்னொன்று. அந்தத் தொங்குபாலம் வரிப் படிவத்தில் தெரியும் வருமானத்தை வைத்துக் கட்டியது. 1986ல் வரிச் சட்டம் மாறி, தனிநபர் வரி நிறுவன வரியைவிடக் கீழே இறங்கியதும் ஏராளமான தொழில்கள் தங்கள் லாபத்தை முதலாளியின் சொந்தப் படிவத்தில் காட்ட ஆரம்பித்தன. பணம் புதிதாக முளைக்கவில்லை, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போனது. பொருளியலாளர்கள் ஜெரால்ட் ஆட்டன், டேவிட் ஸ்பிளின்டர் இருவரும் இதையெல்லாம் சரிசெய்து, காப்பீடும் அரசு உதவியும் சேர்த்து, வரியைக் கழித்துப் பார்த்தார்கள். 1960களிலிருந்து மேல் 1 சதவீதத்தின் பங்கு பெரிதாக ஏறவில்லை என்கிறது அவர்கள் கணக்கு. பிகெட்டி, சயஸ், சுக்மன் என்ற வேறு பொருளியலாளர்களின் அணி இதை மறுக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் படம் பார்க்கிறவருக்கு இப்படி ஒரு சண்டை நடக்கிறது என்பதே தெரியாது. சரி, படம் வந்தபோது இந்த ஆய்வு முழுதாக வந்திருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.


சும்மா ஒருவன்:

நான் பாதியில் தூங்கிவிட்டேன். தலையணை பற்றிப் பேசினால் வேறென்ன நடக்கும்.

சீரியஸாக ஒரு சந்தேகம். படத்தில் ஒரு மின்நிலையத் தொழிலாளர்கள் தங்களுக்குத் தொழிற்சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிற இடம் வருமே, அங்கே ஒருவர் முதலாளிகள் புத்திசாலிகள், அதனால்தான் சம்பாதிக்கிறார்கள் என்ற ரீதியில் பேசுவாரே. அவரைப் பற்றி ஏன் யாரும் பேசாமல் விடுகிறீர்கள்? எனக்குப் படத்திலேயே அவர்தான் மனசில் நின்றார்.


ரசீதுப்பெட்டி:

குறுக்குக்கேள்வி சொன்னதில் ஒரு விஷயத்தை என் வேலை அனுபவத்திலிருந்து பிடித்துக்கொள்கிறேன். பதினான்கு வருடமாக அமெரிக்காவில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை. ஆட்கள் என்ன வாங்குகிறார்கள் என்பது மட்டுமில்லை, அதில் என்னென்ன பிடிபடுகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

‘காப்பீட்டையும் சேர்த்துப் பாருங்கள், சம்பளம் ஏறியிருக்கிறது’ என்பது பழைய வாதம். பொய் இல்லை. கைசர் குடும்ப அறக்கட்டளை வருடாவருடம் எடுக்கும் கணக்கில், வேலை வழியாக வரும் குடும்ப மருத்துவக் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் 1999ல் 5,791 டாலர். படம் வந்த 2013ல் 16,351. 2024ல் 25,572. இதில் பெரும்பங்கை நிறுவனம் கட்டுகிறது. ஆக, ஒரு ஊழியருக்காக நிறுவனம் செலவழிக்கும் தொகை ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆனால் 1999ல் இருந்தவரைவிட 2024ல் இருப்பவருக்குக் காய்ச்சல் நாலு மடங்கு நன்றாகவா குணமாகிறது? அதே மருத்துவமனை, அதே மருந்து, நாலு மடங்குக்கு மேல் விலை. இதை ஊழியரின் வருமான உயர்வு என்று ஒரு ஆய்வாளர் கணக்கில் எழுதலாம். ஊழியர் அதைக் கொண்டு வாடகை கட்ட முடியாது. ‘இந்த வருடம் இன்க்ரிமென்ட் போட்டீர்கள், கைக்கு வருவது ஏன் குறைந்திருக்கிறது’ என்று ஜனவரி முதல் சம்பளத்தன்று என் மேசைக்கு வருகிறவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். பதில் எப்போதும் பிரீமியம்தான்.

47,700 டாலர் பற்றி. அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், நான் சண்டை போடவில்லை. முழுநேர ஆண்களின் இடைநிலைச் சம்பளம் 1973ல் எங்கே இருந்ததோ ஏறக்குறைய அங்கேயேதான் 2010லும் நின்றது. 37 வருடம். அதற்குள் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் நாட்டு உற்பத்தி ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. கீழே விழுந்தான் என்பதற்குப் பதில் நின்ற இடத்திலேயே நின்றான் என்று திருத்திக்கொள்ளலாம். கதை அதனால் மாறிவிடுகிறதா?


குறுக்குக்கேள்வி:

ரசீதுப்பெட்டி, பிரீமியம் விஷயம் ஏற்கிறேன். உண்மையில் அது என் பக்கத்து வாதத்துக்கே உதவும். கொள்ளை போவது முதலாளி பையில் இல்லை, மருத்துவத் துறையில். அப்படியென்றால் மேல் 1 சதவீதத்துக்கு வரி போடுவதால் அது சரியாகிவிடாது.

‘நின்ற இடத்திலேயே நின்றான்’ என்பதற்குப் பதில் இல்லை என்னிடம். தேக்கம் உண்மை. நான் சொல்வது, உண்மையே போதுமான அளவுக்கு மோசமாக இருக்கும்போது அதைவிடக் கறுப்பாக ஏன் தீட்ட வேண்டும் என்பது. 48,302, 33,751 என்று கடைசி டாலர் வரை போட்டால் ஏதோ தராசில் நிறுத்த மாதிரி இருக்கிறது. என்னைப் போன்ற ஆள் அதைப் பார்த்ததும் கால்குலேட்டரைத் தேடப் போய்விடுகிறான், படம் சொல்ல வந்ததைக் கேட்பதில்லை.


கிளைநூலகம்:

சும்மா ஒருவனின் கேள்விக்கு வருகிறேன், இழையில் அதுதான் முக்கியமானது.

அந்தத் தொழிலாளியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1950களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சங்கத்தில், மாமனார் சங்கத்தில். படம் எடுத்த சமயத்தில், 2012ல், 11.3 சதவீதம். 2024ல் 9.9. சங்கம் என்றால் என்ன என்று வாழ்ந்து பார்த்தவரே பக்கத்தில் இல்லாதபோது, முதலாளி புத்திசாலி என்பதுதான் கைக்கெட்டிய விளக்கம்.

எப்படி இறங்கியது? 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதிபர் ரேகன் 11,000க்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கினார். இதில் கசப்பான பகுதி, அந்தச் சங்கம் 1980 தேர்தலில் ரேகனைத்தான் ஆதரித்திருந்தது. அரசே இப்படிச் செய்யலாம் என்றால் நாமும் செய்யலாம் என்று தனியார் முதலாளிகள் பாடம் எடுத்துக்கொண்டார்கள்.

உடனே குறுக்குக்கேள்வி தொழில்நுட்பம், உலகமயம் என்று சொல்வார். சொல்லட்டும். கனடாவிலும் அதே கம்ப்யூட்டர், அதே சீன இறக்குமதி. 1960களில் இரண்டு நாடுகளிலும் சங்க உறுப்பினர் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்று கனடாவில் சுமார் 30 சதவீதம், அமெரிக்காவில் சுமார் 10. எல்லையின் இரு பக்கமும் இயந்திரம் ஒன்று, சட்டம் வேறு. இயந்திரத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

இனி படத்தின் மேல் எனக்கு இருக்கும் வருத்தம். ரைஷ் நல்லவர்தான். குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது அவர் துறை, 1996ல் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது அவர் காலத்தில். ஆனால் அதே கிளிண்டன் அரசு 1993ல் ஒரு காரியம் செய்தது. உயர் அதிகாரிகளின் சம்பளத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போவதை நிறுவனங்கள் செலவாகக் காட்டி வரி குறைக்கக் கூடாது என்று விதி. அருமையான விதி. கூடவே ஒரு விலக்கு: செயல்திறனுக்காகக் கொடுக்கும் ஊதியத்துக்கு இது பொருந்தாது. பிறகென்ன, சம்பளம் 10 லட்சத்தில் நிற்க, மிச்சமெல்லாம் பங்கு உரிமைகளாக, அதாவது நிறுவனத்தின் பங்கைப் பிறகும் முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமைகளாக, பொழிந்தது. பங்கு விலை ஏற ஏற அவர்கள் வருமானமும் ஏறியது. பூட்டைப் போட்டுச் சாவியையும் அதிலேயே தொங்கவிட்ட மாதிரி. அந்த விலக்கு 2017ல்தான் நீங்கியது, அதுவும் டிரம்ப்பின் வரிச் சட்டத்தில்.

அந்த அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர் இவர். தான் எதையாவது சாதித்தோமா என்று படத்தில் அவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் இடம் உருக்கமாக இருக்கிறது. நான் அந்த இடத்தில் உருக்கத்தைக் குறைத்து, ஆவணங்களைக் கூட்டியிருப்பேன்.


மாலைக்காட்சி:

இந்த 1993 விதி எனக்குத் தெரியாது. படம் பார்த்தபோது ரைஷ் மேல் வந்த பிரியத்தில் பாதி இப்போது போய்விட்டது. மீதி இருக்கிறது. நாலடி பத்தங்குல உயரத்தை வைத்துக்கொண்டு தன்னையே கிண்டல் செய்கிற மனிதரை முழுசாக வெறுக்க முடியவில்லை. சின்ன வயதில் தன்னை முரடர்களிடமிருந்து காப்பாற்றிய பெரிய பையன் ஒருவன், பிறகு 1964ல் மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்யப் போன இடத்தில் கொல்லப்பட்ட மைக்கேல் ஷ்வெர்னர் என்று அவர் சொல்லும் இடம் ஒன்று உண்டு. என் கேள்விக்கான பதில் உண்மையில் அங்கேதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பலமில்லாதவனை பலமுள்ளவன் அடித்தால் தடுக்க வேண்டும். ஏன் தடுக்க வேண்டும் என்று அங்கே யாரும் பொருளாதாரக் காரணம் கேட்கவில்லை. அதே மனிதர் பாலத்தின் பக்கம் வந்ததும் தலையணைக் கணக்கு பேச வேண்டியிருக்கிறது.


கிளைநூலகம்:

அது பேச்சு உத்தி, நண்பரே. ஏற்கெனவே ஒத்துப்போகிறவர்களுக்காக அந்த வாதம் வைக்கப்படவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அநியாயம் என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்கிறவர். அவரிடம் உன் தொழில் நிலைக்காது என்றால்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

அந்த உத்தியும் புதிதில்லை. 1934 முதல் 1948 வரை ஃபெடரல் ரிசர்வின் தலைமையில் இருந்த மரினர் எக்கிள்ஸ், யூட்டா மாநிலத்து வங்கியாளர், பெரும் பணக்காரர். வாஷிங்டனில் அந்த மத்திய வங்கியின் தலைமையகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். 1930களின் வீழ்ச்சியை அவர் சீட்டாட்டத்தை வைத்து விளக்கினார். காய்கள் எல்லாம் இரண்டு மூன்று பேர் கையில் சேர்ந்துவிட்டால், மற்றவர்கள் அவர்களிடமே கடன் வாங்கித்தான் ஆட்டத்தில் நீடிக்க முடியும். கடன் தீர்ந்த நிமிடம் ஆட்டமும் முடியும். ஹனாவர் சொல்வது இதன் தலையணை வடிவம்.

இதில் அறநெறியும் பொருளாதாரமும் தனித்தனி இல்லை என்பது என் எண்ணம். 1970களிலிருந்து நடந்ததைப் பாருங்கள். சம்பளம் ஏறாத குடும்பத்தில் முதலில் மனைவியும் வேலைக்குப் போனார். அப்புறம் இருவரும் அதிக மணிநேரம் உழைத்தார்கள். அதுவும் போதாதபோது வீட்டின் மேல் கடன். ரைஷ் படத்தில் இதை மூன்று படியாகச் சொல்வார். கடன் கொடுத்த பணம் யாருடையது? மேலே சேர்ந்த சேமிப்பு சுற்றி வந்து கீழே இருப்பவருக்குக் கடனாகிறது என்று அதீப் மியான், அமீர் சுஃபி போன்ற பொருளியலாளர்கள் பின்னால் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சம்பளமாகத் தர வேண்டியதை வட்டிக்குத் தருகிறார்கள். இதை அநியாயம் என்றும் சொல்லலாம், ஆபத்து என்றும் சொல்லலாம்.


மாலைக்காட்சி:

சம்பளமாகத் தர வேண்டியதை வட்டிக்கு. இதைப் படத்தில் போட்டிருந்தால் நான் இழையே தொடங்கியிருக்க மாட்டேன்.

ஆனாலும் உத்தி என்பதை அரைமனதாகத்தான் ஏற்கிறேன். எதிராளியின் மொழியில் பேசிப் பேசியே நம் மொழி மறந்துபோகும் ஆபத்து இருக்கிறது. தலையணைக் கணக்கு என்ன பார்க்கிறது? ஒருவர் வாங்குகிறாரா இல்லையா என்பதை மட்டும். வாங்கவே முடியாதவர், வேலைக்குப் போக முடியாதவர், குழந்தை, நோயாளி, இவர்கள் அந்தக் கணக்கில் எங்கே?


குறுக்குக்கேள்வி:

இங்கே நான் உங்கள் பக்கம் வருகிறேன், ஆச்சரியப்படாதீர்கள். வளர்ச்சிக்குக் கெடுதல் என்ற வாதத்தைப் பொருளியலில் இரண்டு பக்கமும் இழுக்கலாம். அதை நம்பி வீடு கட்டினால் அடுத்த ஆய்வறிக்கை வந்து அஸ்திவாரத்தைப் பறித்துவிடும்.

என்னை உண்மையில் உலுக்கியது இன்னொரு ஆய்வு. தமிழ்ப் பூர்வீகம் கொண்ட பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு செய்தது. 1940ல் பிறந்த அமெரிக்கக் குழந்தைகளில் 90 சதவீதத்தினர் வளர்ந்ததும் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் அது 50 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிடுகிற மாதிரி. என் பக்கத்து ஆட்கள் எப்போதும் சொல்வது, ‘இன்று கீழே இருப்பவன் நாளை மேலே வருவான், அதனால் இடைவெளி ஒரு பிரச்சினையே இல்லை’. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஆய்வு வந்த பிறகு அந்த வாக்கியத்தை நிறுத்திவிட்டேன். வளர்ச்சி மட்டும் பழைய வேகத்துக்குத் திரும்பினால் போதாது, அது பிரிகிற விதமும் மாறினால்தான் அந்தச் சரிவில் பெரும்பகுதி சரியாகும் என்கிறது அதே ஆய்வு.

இடைவெளியைக் குறைக்க 1950கள் மாதிரி 91 சதவீத வரி என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் திரும்ப மறுபக்கம் போய்விடுவேன். அந்த விகிதம் சட்டத்தில் இருந்தது, அதை முழுசாகக் கட்டியவர்கள் சொற்பம்.


சும்மா ஒருவன்:

குறுக்குக்கேள்வி நம் பக்கம் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீதுப்பெட்டி அக்கா, வரி என்றதும் ஞாபகம் வந்தது. வாரன் பஃபெட் ஒருமுறை எழுதினாரே, தன் அலுவலகத்திலேயே தனக்குத்தான் வரி விகிதம் குறைவு என்று. அது எப்படி நடக்கும்? வரிப் படிவம் படிவமாகப் பார்க்கிற ஆள் நீங்கள்தான்.


ரசீதுப்பெட்டி:

2011ல் எழுதினார். தனக்கு 17.4 சதவீதம், அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சராசரி 36 என்று. அவர் அங்கே கூட்டிய கணக்கில் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் அடக்கம், அதுதான் சூட்சுமம்.

இரண்டு காரணம். ஒன்று, அவர் வருமானம் பெரும்பாலும் மூலதன ஆதாயம், ஈவுத்தொகை. அப்போது நீண்டகால ஆதாயத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். சம்பளத்துக்கு 35 வரை போகும். அதுவும் பங்கை விற்றால்தான் வரி. விற்காமல் வைத்திருந்து, அதன் மேல் கடன் வாங்கிச் செலவு செய்து, கடைசியில் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போனால், அதுவரை ஏறிய ஆதாயத்துக்கு வருமான வரியே கிடையாது. வாரிசுக்கு அன்றைய விலையே வாங்கிய விலையாகிவிடும்.

இரண்டாவது நான் தினமும் பார்ப்பது. சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு வரி என்று 6.2 சதவீதம் பிடிப்போம், நிறுவனமும் அதே அளவு போடும். இதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2013ல் 1,13,700 டாலர், 2024ல் 1,68,600. அதற்கு மேல் ஒரு காசு பிடிக்க மாட்டோம். வருடத்துக்கு 10 லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறவருக்கு 2024ல் மார்ச் முதல் வாரத்திலேயே அந்த வரி நின்றுவிட்டது. மென்பொருள் தானாகவே நிறுத்திவிடும், நான் தொடக்கூட வேண்டாம். கிடங்கில் பெட்டி அடுக்குகிறவருக்கு டிசம்பர் கடைசிச் சம்பளச் சீட்டு வரைக்கும் 6.2 போய்க்கொண்டே இருக்கும். நியாயம் கேட்டால், ஓய்வுக்காலப் பென்ஷனுக்கும் மேல் வரம்பு இருக்கிறது, அதனால்தான் வரிக்கும் வரம்பு என்பார்கள். அந்த வாதத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் அச்சடிக்கும்போது மனசு கொஞ்சம் என்னவோ செய்யும்.

மாலைக்காட்சி கேட்ட கேள்விக்கு, தலையணை வாங்க முடியாதவர்கள் எங்கே என்றதற்கு, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021ல் குழந்தை வரிச்சலுகையை ஒரு வருடத்துக்கு உயர்த்தினார்கள். ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் 3,600 டாலர், 6 முதல் 17 வரை 3,000. முக்கியமான மாற்றம், பெற்றோருக்கு வருமானமே இல்லாவிட்டாலும் முழுத்தொகை. அதில் பாதி ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. அந்த வருடம் குழந்தை வறுமை விகிதம், அரசு உதவிகளையும் கணக்கில் சேர்க்கும் அளவுகோலில், 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் தேறியது, செனட்டில் நின்றுபோனது. 2022ல் விகிதம் 12.4.


குறுக்குக்கேள்வி:

2021ல் வேறு நிவாரணங்களும் சேர்ந்து வந்தன, 2022ல் விலைவாசியும் ஏறியது. முழுப் பெருமையையும் ஒரே திட்டத்துக்குக் கொடுக்க முடியாது. நிரந்தரமாக்கினால் சிலர் வேலையை விடுவார்கள் என்ற வாதமும் அப்போது ஓடியது.

ஆனால் 5.2, 12.4 என்ற எண்களுக்கு எதிராக நான் கால்குலேட்டரைத் தேடப் போவதில்லை. அது அப்படியே நிற்கிறது.


மாலைக்காட்சி:

ரசீதுப்பெட்டி, அந்த ஆறு மாதத்தில் உங்கள் அலுவலகத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? எண் வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்.


ரசீதுப்பெட்டி:

அந்தப் பணம் எங்கள் வழியாக வரவில்லை, வரித்துறையிலிருந்து நேரே அவரவர் கணக்குக்குப் போனது. அதனால் பெரிதாக ஒன்றும் தெரிய வழியில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. எங்களிடம் சம்பள முன்பணம் கேட்டு ஒரு படிவம் நிரப்பலாம், அடுத்த சீட்டில் பிடித்துக்கொள்வோம். பள்ளி திறக்கும் ஆகஸ்ட் மாதத்தில் எப்போதும் அந்தப் படிவம் குவியும். அந்த ஆகஸ்டில் குறைவாக இருந்தது. நான் அதை அப்போது யோசிக்கவில்லை, வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

2022 ஜனவரி 15 தாண்டி இரண்டு நாள் கழித்து, கிடங்கிலிருந்து ஒருவர் வந்தார். கணக்கில் அந்தப் பணம் ஏறவில்லை, சம்பளப் பிரிவில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று கேட்டார். எங்கள் தப்பு இல்லை, திட்டமே முடிந்துவிட்டது என்றேன். அப்படியா என்று கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முன்பணப் படிவம் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.